கூடம் கோணலாகவும் இருக்கலாம்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது என் பாட்டிக்கு மிகவும் பிடித்த பழமொழி. தோசைக்கல்லைக் குறை சொன்னாலும், கோலமாவைக் குறை சொன்னாலும், பரீட்சையில் பேனா மக்கர் செய்தது என்றாலும் அதுவே பதிலாக வரும். கேட்டுக் கேட்டு அது எனக்குள் ஊறிப்போய்விட்டது. ஒரு காரியம் கைகூடவில்லையென்றால் கருவியைச் சந்தேகிப்பது சால்ஜாப்பு, பழுது நம்மிடம்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடே வளர்ந்தேன். அதைப் பணிவு என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணிவுக்கு நான் கொடுத்த விலை, கோல்ஃப் மைதானத்தில் நான்கு வருடங்களும் ஓர் இடது முழங்கையும்.

நாற்பத்தாறு வயதில் ஆடத் தொடங்கினேன். நாங்கள் வசிப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகில். கோடையில் 110 பாகை ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர். ஆனாலும் பாலைவனத்தின் நடுவே எங்கு திரும்பினாலும் பச்சைப்பசேலென்று கோல்ஃப் மைதானங்கள். (அந்தப் பச்சைக்குச் செலவாகும் தண்ணீரைப் பற்றித் தனியாகத்தான் புலம்பவேண்டும், இங்கே வேண்டாம்.) பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் வீட்டில் விழுந்த வெறுமையை நிரப்பிக்கொள்ள, சனிக்கிழமை விடியற்காலைகளில் கணவருடன் நானும் போகத் தொடங்கினேன். அப்போதுதான் அவர் தமக்குப் புதிய மட்டைகள் வாங்கியிருந்தார். பழையவை கார் கொட்டகையில் கிடந்தன. அவர் உயரம் 5 அடி 11 அங்குலம். நான் 5 அடி 1 அங்குலம். பழுதுபார்க்கும் கடையொன்றில் கொடுத்து, ஒவ்வொரு மட்டையிலும் ஒன்றரை அங்குலம் வெட்டி, புதுப் பிடி போட்டு வாங்கிவந்து தந்தார். அண்ணனின் கால்சட்டையை மடித்துத் தைத்துத் தம்பிக்குப் போட்டுவிடுவதில்லையா, அந்த மாதிரி. அன்போடு செய்த காரியம்தான். இன்றைக்கும் அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை.

ஆனால் பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குட்டை மட்டைகளால் அடித்தால் இடப்பக்கம் ஓடியது. நீள மட்டைகளால் அடித்தால் தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்து கள்ளிச்செடிகளுக்குள் புகுந்தது. இடப்பக்கம் போவதைத் திருத்த நான் கற்றுக்கொண்ட ஒவ்வொரு தந்திரமும் வலப்பக்கம் போவதை மோசமாக்கியது. எதிரெதிரான இரண்டு பிழைகளை ஒரே உடம்பு எப்படிச் செய்யும் என்று யாராவது கேட்டிருக்கவேண்டும், நானும் கேட்கவில்லை. ‘உங்களுக்கு இன்னும் ஒரு சீர் வரவில்லை’ என்றார்கள். ஒப்புக்கொண்டேன். நான்காம் வருடம் இடது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி வந்தது. காபி டம்ளரைத் தூக்கினால் சுருக்கென்றது. நமக்கு இது விதித்ததில்லை என்று மட்டைகளை மறுபடியும் கார் கொட்டகைக்கே அனுப்பிவிட்டேன்.

பெண்கள் தங்கள் உடலுக்கென்றே அளவெடுத்துப் பொருத்திய மட்டைகளால் ஆடினால் ஆட்டம் மேம்படுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முன்வருவது இந்த இடத்திலிருந்துதான். மேம்படும் என்பது என் கட்சி. ஆனால் அதை விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

இந்த ஆட்டத்தின் வாடையே படாதவர்களுக்காகச் சில அடிப்படைகளைச் சொல்லவேண்டும். கோல்ஃப் மட்டை என்பது மூன்று உறுப்புகள் கொண்டது: உலோகத் தலை, அதைத் தாங்கும் தண்டு, மேலே ரப்பர் பிடி. விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை பையில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் அளந்து மாற்றக்கூடிய சங்கதிகள் உண்டு. தண்டின் நீளம், எடை, வளையும் தன்மை, பிடியின் பருமன், தலையின் முகம் எவ்வளவு மல்லாந்திருக்கிறது என்ற கோணம், இதை லாஃப்ட் என்பார்கள், தலையின் அடிப்பாகம் தரையில் படிந்திருக்கும்போது தண்டு எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற கோணம், இது லை. நம்மூர்ப் பெண் எவளுக்கும் இது விளங்காமல் போகாது. புடவையைக் கடையில் தொங்குவதிலிருந்து எடுக்கலாம்; ரவிக்கையை அப்படி எடுக்க மனம் ஒப்புமா? அளவு ரவிக்கையோடு தையற்கடைக்குப் போய், கை சற்று இறுக்கம், கழுத்து போன முறை இறங்கிவிட்டது என்று பத்து நிமிடம் விவரம் சொல்லிவிட்டு வந்த பரம்பரை நாம். அத்தகைய நானே, பதினான்கு இரும்புகளைப் பிறத்தியார் அளவில் நான்கு வருடம் தூக்கித் திரிந்தேன் என்பதுதான் வேடிக்கை.

இந்த அளவுகளுள் லை என்பது மிகவும் நுட்பமானது. சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கதையின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. குள்ளமானவர் நின்றால் கைகள் தரைக்கு அருகில் இருக்கும். ஆகவே தண்டு இன்னும் படுத்தவாறு தரையை நோக்கி வரும். தலையின் கோணம் உயரமானவருக்காக நிமிர்த்தப்பட்டிருந்தால், அடிக்கும் கணத்தில் தலையின் குதிகால் தரையைத் தொட, கால்விரல் பக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். மல்லாந்த முகம் ஒன்றை இப்படிப் பக்கவாட்டில் சாய்த்தால் அது இடப்பக்கம் பார்க்கத் தொடங்கும். ஒரு தட்டை எதிரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை உயர்த்திப் பாருங்கள், புரிந்துவிடும். எவ்வளவு அதிகம் மல்லாந்த முகமோ அவ்வளவு அதிகம் திரும்பும். லையில் 3 பாகை பிழை இருந்தால், 46 பாகை மல்லாந்த குட்டை மட்டையில் முகம் ஏறக்குறைய 3 பாகை இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. 70 கஜ தூரத்தில் அது 11 அடி. அதே 3 பாகைப் பிழை, 10 பாகையே மல்லாந்த டிரைவரில் அரைப் பாகைதான். கண்டுகொள்ளவே முடியாது.

அதாவது, வெட்டிக் குட்டையாக்கிய பிறகும் அந்தத் தலைகள் எனக்கு நிமிர்ந்தே இருந்தன. ஆகவே குட்டை மட்டைகள் பந்தை இடப்பக்கம் தள்ளின. நீள மட்டைகளின் கதை வேறு. தண்டை வெட்டினால் அது மேலும் விறைப்பாகிறது; தலை தூரம் குறைந்ததால் கையில் அதன் கனம் தெரியாமல் போகிறது. மொத்த எடையோ அப்படியேதான் இருக்கிறது. எஃகுத் தண்டு ஒன்று 120 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் என்றால் அதில் பாதிதான். விறைத்த, கனத்த ஒன்றைச் சுழற்றுவதற்குள் என் கைகள் பின்தங்கிவிட, முகம் திறந்தபடியே பந்தைச் சந்தித்தது. பந்து வலப்பக்கம் வளைந்தது. இரண்டு பிழைகளுக்கும் இரண்டு தனித்தனிக் காரணங்கள். ‘சீர்’ இல்லாமல் இருந்தது நானல்ல என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது முழு உண்மையல்ல; அதற்குப் பிறகு வருகிறேன்.

முழங்கை ஆறியதும், சக ஆட்டக்காரத் தோழி ஒருவரின் சொல் கேட்டு, பெண்களுக்கென்று பெட்டியில் வரும் ஒரு செட் வாங்கினேன். இளம் ஊதா நிறம். எடை குறைவு, தண்டு வளைந்து கொடுத்தது, பந்தும் மேலே எழும்பியது. அந்தப் பெட்டிகளை இகழ்ந்து பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது, நான் இகழமாட்டேன். வெட்டிய மட்டைகளுக்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டியின் மேல் ‘பெண்’ என்று எழுதியிருக்கிறதே, அது எந்தப் பெண்?

தண்டின் வளைவைக் குறிக்க எழுத்துகள் பொறித்திருப்பார்கள். ‘ஆர்’ என்றால் வழக்கமானது, ‘எஸ்’ என்றால் விறைப்பானது, ‘எக்ஸ்’ என்றால் அதனினும் விறைப்பு. இவையெல்லாம் தண்டின் குணத்தைச் சொல்லும் எழுத்துகள். ‘எல்’ என்று ஒன்று உண்டு. அது லேடீஸ். வரிசை முழுவதும் பொருளைப் பற்றிப் பேசிவந்து, கடைசியில் ஆளைப் பற்றிப் பேசிவிடுகிறது. (முதியோருக்கென்றும் ஓர் எழுத்து உண்டு என்பதால், நமக்குத் துணையில்லாமல் இல்லை.) இதில் விசித்திரம், இந்த எழுத்துகளுக்குப் பொது அளவுகோலே கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘ஆர்’ இன்னொன்றின் ‘எஸ்’ஸுக்கு ஒப்பாக இருக்கலாம். அளவே இல்லாத ஓர் அளவுக்குப் பெண்பால் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் செட்டில் பிடி மெல்லியதாக இருக்கும். பெண்களின் கை சிறியது என்பது கணக்கு. கை சிறியதுதான். ஆனால் இந்த ஆட்டத்துக்குப் பல பெண்கள் வருவது ஐம்பதுக்கும் அறுபதுக்கும் மேல், பிள்ளைகளும் வேலையும் விட்டபிறகு. மூட்டுவலி தொடங்கிய விரல்கள் மெல்லிய பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கவேண்டியிருக்கிறது, வலி கூடுகிறது. அவர்களுள் பலருக்குத் தேவை பருத்த, மெத்தென்ற பிடி. பெட்டி சொல்வதற்கு நேர் எதிர். உயரத்திலும் இதே கதைதான். அமெரிக்கப் பெண்ணின் சராசரி உயரம் 5 அடி 4 அங்குலத்தை ஒட்டியது. நான் அதற்கு மூன்று அங்குலம் கீழே. 2014-ல் அமெரிக்க மகளிர் ஓபன் பட்டத்தை வென்ற மிஷெல் வீ ஆறடி. அவர் அப்போது பந்தைக் குழிக்குள் உருட்டும்போது, மேசைபோல முதுகு தரைக்கு இணையாகும்படி இடுப்பை மடித்து நின்றதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பலரும் சிரித்தார்கள். அவர் அதைத் தாமே தேர்ந்துகொண்டார், அதில்தான் வென்றார். எனக்கும் அவருக்கும் பொதுவான மட்டை ஒன்றைச் செய்துவிட முடியும் என்று நம்புகிறவர், இருவரும் பெண்கள் என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

தொழில்முறைப் பெண்கள் எதைக்கொண்டு ஆடுகிறார்கள்? பெரும்பாலோர் பையில் ‘பெண்கள் மட்டை’ என்று ஒன்று இருக்காது. ஆண்கள் வாங்கும் அதே தலைகள். தண்டும் எடையும் கோணங்களும் மட்டும் அந்தந்த ஆளுக்கு. பந்தைப் பின்தொடரும் ராடார் கருவிகளைச் செய்யும் ட்ராக்மேன் நிறுவனம் சில வருடங்களுக்கு முன் வெளியிட்ட சராசரிகளில், டிரைவரை வீசும் வேகம் தொழில்முறை ஆண்களுக்கு மணிக்கு 113 மைல், பெண்களுக்கு 94. என்னைக் கவர்ந்தது அந்த வித்தியாசமல்ல, அடுத்த வரி. ஆண்களின் மட்டை பந்தைச் சந்திக்கும்போது சராசரியாக ஒரு பாகைக்குச் சற்று மேல் கீழ்நோக்கி இறங்குகிறது. பெண்களுடையது 3 பாகை மேல்நோக்கி ஏறுகிறது. வேகம் குறைந்ததை வீச்சின் வடிவத்தால் ஈடுகட்டி, காற்றிலேயே 218 கஜம் கடத்துகிறார்கள். பெண்ணாட்டம் என்பது ஆணாட்டத்தின் குறைத்து வெட்டிய பதிப்பு அல்ல. அதற்கென்று தனி உடற்கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு ஏற்ற கருவி வேண்டும், ஒன்றரை அங்குலம் வெட்டியது அல்ல.

இந்த இடத்தில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கார்ஸ்டன் சோல்ஹைம் 1911-ல் நார்வேயின் பெர்கென் நகரில் பிறந்து, குழந்தையாகவே அமெரிக்காவுக்கு வந்து, சியாட்டிலில் வளர்ந்தவர். தந்தையின் தொழில் செருப்புத் தைப்பது. பொருளாதார மந்தக் காலத்தில் பொறியியல் படிப்பைப் பணமில்லாமல் பாதியில் விட்டுவிட்டு மகனும் சில காலம் அதே தொழிலைச் செய்தார். பிறகு எப்படியோ பொறியாளராகி ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர், நாற்பதைத் தாண்டியபின்தான் கோல்ஃப் மட்டையைத் தொட்டார். குழிக்குள் பந்தை உருட்டும் பட்டர் (வெண்ணெய் அல்ல) அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. என்னைப்போலப் பாட்டியின் பழமொழி கேட்டு வளராதவர் போலும். கூடம் கோணல்தான் என்று துணிந்து சொல்லி, 1959-ல் தம் வீட்டுக் கார் கொட்டகையில் தாமே ஒன்றைச் செய்தார். பந்தில் பட்டபோது எழுந்த ‘பிங்’ என்ற ஓசையே பெயராயிற்று. 1966-ல் அவர் செய்த இன்னொரு பட்டருக்கு ‘ஆன்சர்’ என்று பெயர் சொன்னவர் மனைவி லூயிஸ். அந்தச் சொல் மட்டையில் இடம் கொள்ளவில்லை என்றபோது, ஆங்கிலத்தில் உச்சரிக்கப்படாத ‘டபிள்யூ’வை விட்டுவிடுங்கள் என்றவரும் அவர்தான். எழுத்துப்பிழையோடேயே அது உலகப் புகழ் பெற்றது.

அவர் நிறுவனம் ஒவ்வோர் ஆளின் உயரத்தையும், நின்ற நிலையில் மணிக்கட்டிலிருந்து தரை வரையுள்ள தூரத்தையும் வைத்து லை கோணத்தைத் தீர்மானித்து, அதற்கேற்ப மட்டையில் ஒரு நிறப்புள்ளி வைக்கும் முறையைப் பரப்பியது. கறுப்பு என்றால் பொது அளவு. சிவப்பு என்றால் சற்றுப் படுத்தது. நீலம் என்றால் நிமிர்ந்தது. எனக்கு இதில் பிடித்தது, அந்த அட்டவணையில் ஆண், பெண் என்று கட்டம் பிரிக்கத் தேவையே இல்லை என்பது. கால் அளவெடுக்கும் பலகையில் காலை வைத்தால் போதும், ஆளைப் பார்க்கவேண்டாம். செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்று நம்மூரில் கேட்பார்கள். செருப்புத் தைத்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே வந்திருக்கவேண்டும் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிகள் மோதும் போட்டி 1990-ல் ஃப்ளோரிடாவில் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் சோல்ஹைம் கோப்பை. (இவ்வளவு சொல்வதால் சந்தேகம் வரக்கூடாது, என் பையில் இருக்கும் மட்டைகள் அந்த நிறுவனத்துடையவை அல்ல.)

என் மட்டைகளுக்கு அளவெடுத்தவர் எழுபதை நெருங்கிய ஒரு மனிதர். முதலில் எதையும் விற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து தரைக்கு அளவு நாடாவைப் பிடித்தார். கையுறையைக் கழற்றச் சொல்லி விரல்களைப் பார்த்தார். மட்டையின் அடியில் நாடா ஒட்டி, ஒரு பலகையின் மேல் நின்று அடிக்கச் சொன்னார். தேய்ந்த தடம் குதிகால் பக்கத்தில் இருந்தது. நடுவுக்கு வரும்வரை தலையை இடுக்கியில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். பிறகு டிரைவர். என் வீச்சின் வேகம் மணிக்கு 66 மைல் என்றது கருவி. நான் முதலில் வைத்திருந்த கணவரின் டிரைவர் ஒன்பதரைப் பாகை மல்லாந்தது. அந்த வேகத்துக்கு அது பந்தை மேலே தூக்கவே தூக்காது, கல்லைப்போல விழும். அவர் 13 பாகைத் தலையைக் கையில் கொடுத்தார். காற்றில் பந்து கடந்த தூரம் பன்னிரண்டு கஜம் கூடியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஏழாம் எண் மட்டையால் நான் அடித்த பத்துப் பந்துகளில் ஆறு, குறிபார்த்த திசையிலேயே கிளம்பின. ஐந்து வருடத்தில் முதல்முறை. அங்கேயே கண் கலங்கிவிட்டது. பெரியவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீதி நான்கு? அவைதாம் இந்தக் கட்டுரையின் சாரம். இரண்டு, தரையை முன்னதாகவே குத்தியவை. ஒன்று, பந்தின் தலையை உரசியது. ஒன்று, உடம்பு முன்னே ஆடிப்போய்க் கண்ட திசையில் பறந்தது. நான்கும் என்னுடைய பிழைகள். பழைய மட்டைகள் காலத்தில் இவை கண்ணுக்கே தெரிந்ததில்லை. கருவியின் பிழையும் என் பிழையும் கலந்து ஒரே குழம்பாக இருந்தது. இடப்பக்கம் போன பந்து மட்டையால் போனதா, என்னால் போனதா என்று எனக்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. பொருத்தமான மட்டை என் பிழைகளை நீக்கவில்லை. அவற்றை எனக்கே உரியவையாக்கியது. உரியவை என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? விற்பவர்கள் ‘பத்துக் கஜம் கூடும், ஐந்து அடி குறையும்’ என்கிறார்கள். அதெல்லாம் ஆளுக்கு ஆள் வேறுபடும். கற்றுக்கொள்வது சாத்தியமாகிறது என்பதே என் வாதம்.

என் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டுக் குழிகளுக்கு 118, 120 என்று அடித்துக்கொண்டிருந்தவள், ஒரு வருடத்தில் 108-க்கு வந்தேன். அதற்குள் ஆறு பாடங்களும் எடுத்துக்கொண்டேன். ஆகவே எவ்வளவு மட்டையால், எவ்வளவு பாடத்தால் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஒருத்தியின் கதை ஆய்வாகாது என்பதும் தெரியும். முழங்கை வலி திரும்பவில்லை. அதற்கும் வேறு காரணங்கள் இருக்கலாம்.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. வீச்சு இன்னும் நிலைப்படாத புதியவருக்கு அளவெடுத்து என்ன பயன், ஆறு மாதத்தில் எல்லாம் மாறிவிடுமே என்பார்கள். பாதி நியாயம். தண்டின் வளைவு, டிரைவரின் கோணம் போன்றவை வீச்சைச் சார்ந்தவை, அவற்றுக்குப் பொறுத்திருக்கலாம். ஆனால் உயரமும், கை நீளமும், விரலின் பருமனும் ஆறு மாதத்தில் மாறப்போவதில்லை. நீளம், பிடி, மொத்த எடை, ஏறக்குறையவாவது லை, இவற்றை முதல் நாளே சரிசெய்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இன்னொரு மறுப்பு, நன்றாக ஆடுகிறவர் எதைக் கொடுத்தாலும் ஆடுவார் என்பது. இது எப்போதும் உண்மை, எப்போதும் பயனற்றது. பேப் ஸகாரியஸ் 1953-ல் புற்றுநோய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த வருடமே அமெரிக்க மகளிர் ஓபனைப் பன்னிரண்டு அடிகள் வித்தியாசத்தில் வென்றார். அதற்காக அறுவை சிகிச்சை ஆட்டத்துக்கு நல்லது என்றா சொல்வோம்?

நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்றுதான், அது பெரிய இடம். மட்டையை மட்டும் அளந்துவிட்டு மைதானத்தை அளக்காமல் விட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் மைதானங்களைத் தரப்படுத்தும்போது, ஒவ்வொரு குழியிலும் ஏறக்குறைய ஓர் அடி கூடுதலாக எடுக்கும் பெண் ஆட்டக்காரர், முதல் அடியில் 150 கஜம் போவார், இரண்டடிகளில் 280 கஜத்தை எட்டுவார் என்று வைத்துக்கொள்கிறது. ஆணுக்கு அந்தக் கணக்கு 200, 370. எங்கள் மைதானத்தில் பெண்கள் அடிக்கவேண்டிய முன்திட்டிலிருந்தே இரண்டடியில் எட்டவேண்டிய குழிகள் பல 330, 340 கஜம். எந்த மட்டையும் அந்த அறுபது கஜத்தைத் தராது. இதற்காக வாதாடியவர் ஆலிஸ் டை என்ற பெண்மணி. கணவர் பீட் டையோடு சேர்ந்து மைதானங்கள் வடிவமைத்தவர். தாமே 1978, 1979 ஆகிய இரு வருடங்களிலும் அமெரிக்க மூத்த மகளிர் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவர். பெண்களுக்கு ஒரே ஒரு திட்டு போதாது, அவர்களுக்குள்ளும் திறனுக்கேற்ப இரண்டாவது வேண்டும் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். 2019-ல் காலமானார். பெண் என்பது ஒற்றை அளவல்ல என்று மண்ணில் எழுதிக்காட்ட முயன்றவர் அவர்.

தூரத்தையே பிடித்துக்கொண்டு பேசுவதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில், பெங்களூருப் பெண் அதிதி அசோக் நான்காம் இடத்தைப் பிடித்ததைப் பார்த்தேன். கூட ஆடியவர்கள் அவரைவிட வெகுதூரம் அடித்தார்கள். மற்றவர்கள் குட்டை இரும்புகளை எடுக்கும் இடத்தில் இவர் நீள மட்டைகளை எடுக்கவேண்டியிருந்தது. பட்டரைக் கையில் எடுத்தபோதெல்லாம் கணக்கைச் சமன் செய்தார். ஓர் அடியில் வெண்கலம் போயிற்று. மட்டை தூக்கியவர் அவர் அம்மா. தம் தூரம் எவ்வளவு என்று அறிந்து, அதற்கேற்ற கருவிகளைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழிக்கரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்த அந்த அமைதியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த தெலுங்குப் பெண் ஒருவர், தாமும் ஆடிப்பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னார். கார் கொட்டகையில் பழைய செட் ஒன்று சும்மாதானே கிடக்கிறது, கொடுத்துவிடேன் என்றார் என் கணவர். நல்ல மனசு, மாறவே இல்லை. செட்டை எடுக்கவில்லை. உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்தேன். அந்தப் பெண்ணைச் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நிற்கச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைக்குப் பிடித்தேன். எதற்கு அக்கா, ரவிக்கை தைக்கவா என்று சிரித்தார். 33 அங்குலம் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கொடுத்தேன்.